ரெட்டைக்கு ஒரே சடங்கு

போன வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாடிப்பட்டியில் என் சித்தி வீட்டுக் கூடத்தில் ஜமுக்காளம் விரித்து ஊர்ப்பட்ட சனம் உட்கார்ந்திருந்தது. அண்ணன் தம்பி இரண்டு பேருக்கு அக்காள் தங்கை இரண்டு பேரை நிச்சயம் செய்ய வந்த கூட்டம். தட்டு வந்துவிட்டது, பூ வந்துவிட்டது, கேசரிகூடக் கிண்டியாகிவிட்டது. எந்தப் பெண் எந்த மாப்பிள்ளைக்கு என்பது மட்டும் முடிவாகவில்லை. நான் இட்டுக்கட்டிச் சொல்லவில்லை. "அதை அங்க போயிப் பேசிக்கிருவோம்" என்று இரண்டு வீட்டுப் பெரியவர்களும் விட்டிருந்தார்கள். கடையில் இரண்டு சேலையை எடுத்துக்கொண்டு, யாருக்கு எது என்று வீட்டில் போய்ப் பிரித்துக்கொள்வார்களே, அதைப் போல.

பெண்கள் இரட்டைப் பிள்ளைகள். நாகஜோதி, நாகதேவி. என் அம்மாவின் தங்கை அழகம்மாள் சித்திக்குப் பிறந்தவர்கள். நான் பாண்டிமீனா, அவர்களுக்கு ஐந்து வயது மூத்தவள். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். எனக்குக் கோபம் கொஞ்சம் சீக்கிரம் வரும். என் வீட்டுக்காரர் என்னைச் சீனிவெடி என்றுதான் கூப்பிடுவார். வெடித்தால் அடுத்த நிமிஷம் அடங்கிவிடும் என்பது அவர் சொல்லும் நல்ல குணம். இந்தப் பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

முதலில் பெயர். ஜோதியை ஊரில் யாரும் ஜோதி என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை. "ஏ ரெட்ட, இங்க வா." "ரெட்டைல ஒருத்தி போறா பாரு." கடைக்குப் போனால், "எந்த ரெட்டைத்தா நீயி?" என்று கேட்பார்கள், பதில் சொல்வதற்குள், "எவளா இருந்தா என்ன, உங்கம்மாகிட்ட சொல்லு" என்று சொல்லிவிடுவார்கள். தேவிக்கு வலது கன்னத்தில் மிளகு போல ஒரு மச்சம் உண்டு. ஜோதிக்குக் கிடையாது. ஜோதி நடக்கும்போது முன்னால் சாய்ந்து வேகமாக நடப்பாள், தேவி காலை இழுத்து இழுத்து நடப்பாள். பார்த்தால் தெரியும். பார்க்கத்தான் ஆளில்லை.

இதில் யார் அக்காள் என்பதிலேயே பெரிய வில்லங்கம் உண்டு. ஆஸ்பத்திரியில் முதலில் பிறந்தது ஜோதி. அதனால் எங்கள் அம்மா வழியில் ஜோதிதான் மூத்தவள். ஆனால் சோணை சித்தப்பாவின் அக்காள் ஒருத்தி இருக்கிறாள். முதலில் கருவானதுதான் வயிற்றில் உள்ளே கிடக்கும், பின்னால் கருவானது வாசலை அடைத்துக்கொண்டு முதலில் வந்துவிடும், ஆகவே பின்னால் வந்த தேவிதான் மூத்தவள் என்று பிள்ளைகள் பிறந்த அன்றைக்கே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். எங்கள் பக்கத்தில் இப்படி ஒரு கணக்கு உண்டு. அதனால் அம்மா வழி வீட்டுக்குப் போனால் ஜோதி அக்காள், அத்தை வீட்டுக்குப் போனால் தேவி அக்காள். பிள்ளைகளுக்கே குழம்பிப்போய், இருவரும் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொண்டார்கள். அவர்கள் இருவர் மட்டும்தான் அப்படிக் கூப்பிட்டார்கள்.

ஒரே பீஸில் வெட்டிய பாவாடை, ஒரே கலர் ரிப்பன், ஒரே மாதிரி கொலுசு. இதெல்லாம் எல்லா வீட்டிலும் நடப்பதுதான், விட்டுவிடலாம். ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் இரண்டு பேருக்கும் மாத்திரை கொடுப்பார்கள், அதை என்ன சொல்ல? "ஒன்னுக்கு வந்தா இன்னொன்னுக்கும் வரும், முன்னக்கூட்டியே குடுத்துருவோம்" என்பாள் சித்தி. தேவிக்கு வயிற்றில் பூச்சி என்று விளக்கெண்ணெய் கொடுத்த அன்றைக்கு ஜோதியையும் மடக்கிப் பிடித்து ஊற்றினார்கள். நல்லாயிருந்த பிள்ளை நாள் பூராவும் கொல்லைக்கு ஓடியது. பள்ளிக்கூடத்தில் வாத்தியாரும் அதே ரகம். தேவி வீட்டுப்பாடம் எழுதவில்லை என்றால் இரண்டு பேரையும் கையை நீட்டச் சொல்வார். எவள் எழுதினாள், எவள் எழுதவில்லை என்று நோட்டைத் திருப்பிப் பார்க்க அவருக்குச் சோம்பல்.

ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது ஜோதி ஒரு காரியம் செய்தாள். சித்தப்பா மீசை கத்தரிக்கிற கத்தரியை எடுத்துக்கொண்டு போய், மாட்டுக் கொட்டகைக்குள் உட்கார்ந்து, இடுப்பு வரைக்கும் இருந்த சடையைக் கழுத்தோடு வெட்டிக்கொண்டாள். அன்றைக்கு நான் லீவுக்கு அங்கே போயிருந்தேன். வெட்டிய சடையைக் கையில் பிடித்துக்கொண்டு சிரித்தபடி வெளியே வந்தாள். "மீனாக்கா, இனிமே நான் யாருன்னு எல்லாருக்கும் தெரியும்ல?" என்றாள். அவள் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை.

சித்தி அவளை விளக்குமாற்றால் அடித்தாள். அதைக்கூட நான் பொறுத்துக்கொள்வேன், அந்தக் காலத்தில் எங்கள் எல்லோருக்கும் விளக்குமாறு பழக்கம்தான். அடுத்து நடந்ததுதான் எனக்கு ஆறவில்லை. சித்தி தேவியை இழுத்து முன்னால் உட்கார வைத்து, அவள் சடையையும் அதே கத்தரியால் அதே அளவுக்கு வெட்டினாள். "ஒன்னு நெட்டையும் ஒன்னு கட்டையுமாத் திரிஞ்சா பாக்க நல்லாவா இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே வெட்டினாள். தேவி கத்திய கத்தல் தெருமுனை வரைக்கும் கேட்டது. தேவிக்குத் தன் முடி என்றால் உயிர். அதற்குப் பிறகு ரொம்ப நாளைக்கு அவள் ஜோதியோடு பேசவே இல்லை. என் முடி போனது உன்னால்தான் என்று அவள் நினைத்தாள். கத்தரியைப் பிடித்த கை யாருடையது என்பதை அந்தப் பிள்ளை யோசிக்கவில்லை.

சடங்கு விஷயத்துக்கு வருகிறேன். எட்டாம் வகுப்புப் பரீட்சை முடிந்த லீவில் தேவி பெரிய மனுஷி ஆனாள். ஜோதி ஆகவில்லை. இது உலகத்தில் எந்த வீட்டிலும் நடக்கிறதுதான், அக்காள் ஒரு நாள், தங்கை ஒரு நாள். ஆனால் சித்தியும் சித்தப்பாவும் உட்கார்ந்து பேசினார்கள். இன்றைக்கு ஒருத்திக்குப் பந்தல் போட்டு, இன்னும் கொஞ்ச நாளில் இன்னொருத்திக்கும் போட்டால், மாமன் இரண்டு தடவை சீர் எடுக்க வேண்டும், ஊரை இரண்டு தடவை அழைக்க வேண்டும். ஒரேயடியாக முடித்துவிட்டால் என்ன? "ரெண்டு பேரும்தான் சமைஞ்சிருக்காளுகன்னு சொல்லிப்புடுவோம். அவளும் இன்னைக்கோ நாளைக்கோ ஆகப்போறவதான" என்றாள் சித்தி. எனக்கே இது ஜோதி பின்னால் சொல்லித்தான் தெரியும், என் அம்மாவுக்குத் தெரியாது. வெள்ளைத்துரை மாமாவுக்கு, அதாவது என் அம்மாவுக்கும் சித்திக்கும் ஒரே தம்பிக்கு, சத்தியமாகத் தெரியாது. அந்த மனிதர் பச்சை ஓலை வெட்டி வந்து வியர்க்க விறுவிறுக்கக் குச்சு கட்டினார். சமைந்த பெண்ணைத் தனியாக உட்கார வைக்கிற ஓலைக் குடிசை அது, ஒரு ஆள் உட்காரத்தான் இடம் இருக்கும். அதில் இரண்டு பேரையும் திணித்தார்கள்.

ஜோதிக்கு அப்போது பதின்மூன்று வயது. தனக்கு நடக்காத ஒன்று தனக்கு நடந்துவிட்டதாகச் சொல்லி உட்கார வைத்திருக்கிறார்கள் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். உளுந்தங்களியை நல்லெண்ணெய் ஊற்றி வாயில் திணித்தார்கள். பச்சை முட்டையை உடைத்து ஊற்றினார்கள். வருகிற பெண்கள் எல்லாம் இவளுக்கும் மஞ்சள் பூசி, கன்னத்தைக் கிள்ளி, "வெக்கத்தைப் பாரு சிறுக்கிக்கு" என்றார்கள். அது வெட்கம் இல்லை. போட்டோக்காரர் ஃப்ளெக்ஸுக்குப் படம் எடுக்க வந்தபோது அவள் குச்சுக்குள்ளேயே முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். அவர் தேவியை மட்டும் படம் எடுத்துக்கொண்டு போய், கம்ப்யூட்டரில் அதையே இடவலம் மாற்றிப் பக்கத்தில் ஒட்டிவிட்டார். மெயின் ரோட்டில் கட்டியிருந்த ஃப்ளெக்ஸில் இரண்டு முகம் சிரித்தது. இரண்டிலும் மச்சம் இருந்தது, ஒன்றில் வலது கன்னத்தில், இன்னொன்றில் இடது கன்னத்தில். அந்த இடது மச்சக்காரிக்குக் கீழே 'நாகஜோதி' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். சொந்தபந்தம் அத்தனை பேரும் அந்த ஃப்ளெக்ஸுக்குக் கீழே நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஒருத்தராவது, "இது என்னப்பா, அந்தப் புள்ளைக்கு மச்சம் கிடையாதே" என்று கேட்டார்களா? நான் கேட்டேன். "ஏன்டி நல்ல நாளும் அதுவுமா நொட்டை சொல்ற" என்று என் வாயை அடைத்துவிட்டார்கள்.

அடுத்த வருஷம் ஒரு பள்ளிக்கூட நாளில் ஜோதி நிஜமாகவே பெரிய மனுஷி ஆனாள். காலையில் அடுப்படியில் நின்ற சித்தியிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள். சித்தி தாளித்துக்கொண்டிருந்த கரண்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை. "உனக்குத்தான் எல்லாம் முடிஞ்சிருச்சுல்ல, பிறகென்ன? வெளிய மூச்சு விடாத. துணிய எடுத்துக்கிட்டு பள்ளிக்கூடத்துக்குக் கெளம்பு" என்றாளாம். தலைக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லை. பூ இல்லை. உளுந்தங்களிகூட இல்லை. அந்தப் பிள்ளை தானே குளித்து, தானே சடை பின்னி, பையைத் தூக்கிக்கொண்டு நடந்து போனாள். இதை அவள் என்னிடம் சொன்னது ரொம்ப வருஷம் கழித்துத்தான். அன்றைக்கு நாள் என்ன, கிழமை என்ன என்று கேட்டேன். பேச்சை மாற்றிவிட்டாள்.

சொன்ன பொய் சும்மா கிடக்குமா? வளர்ந்தது. எங்கள் பக்கத்தில் சில வீடுகளில் பெண் சமைந்த நாளையும் நேரத்தையும் வைத்து ஒரு ஜாதகம் எழுதுவார்கள், ருது ஜாதகம் என்று பெயர். தேவியின் நேரத்தை வைத்து இரண்டு பேருக்கும் எழுதி வாங்கினார்கள். பிறந்த ஜாதகம் ஏற்கெனவே ஒன்று, இப்போது ருது ஜாதகமும் ஒன்று. பார்த்த ஜோசியர் எல்லாம் வாயைப் பிளந்தார்கள். ஒரே நாளில், ஒரே நாழிகையில் சமைந்த இரட்டைப் பிள்ளைகள், இது கோடியில் ஒன்று, அம்மனே இறங்கி வந்த மாதிரி என்றார்கள். சித்தி அதைக் கேட்டுக் கேட்டு, கடைசியில் அவளே நம்ப ஆரம்பித்துவிட்டாள். அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட எரிச்சல்.

ஜோதி டிப்ளமோ முடித்துவிட்டுக் கப்பலூரில் ரப்பர் வாஷர் செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். எங்கள் வீட்டில்தான் தங்கினாள். காலையில் ஆரப்பாளையத்தில் கம்பெனி வேன் ஏறினால் சாயங்காலம்தான் வருவாள். செக்கிங்கில் வேலை. வருகிற வாஷர் எல்லாம் அச்சு அசலாக ஒன்றைப் போல ஒன்று இருக்க வேண்டும், மாறியிருந்தால் எடுத்துத் தள்ளிவிட வேண்டும். "என்னைக்காவது ஒன்னு மாறி வந்தா எனக்குச் சந்தோசமா இருக்கும்க்கா" என்று ஒரு நாள் சொல்லிச் சிரித்தாள். அங்கே அவளுக்கு இரட்டைப் பிறவி இருப்பது யாருக்கும் தெரியாது. எல்லோருக்கும் அவள் ஜோதி. "ஜோதி மேடம்" என்று சின்னப் பெண்கள் கூப்பிடுவதைச் சாப்பிடும்போது சொல்லிக் காட்டுவாள். இரண்டு வருஷம் அந்த நிம்மதி இருந்தது. ஒரு ஆயுத பூஜைக்குத் தேவி ஆசைப்பட்டுக் கம்பெனிக்கு வந்தாள். வேனில் ஒன்றாக இறங்கியதும், "அட, ரெட்டையா!" என்று மொத்தக் கம்பெனியும் கூடிவிட்டது. அதற்குப் பிறகு சூப்பர்வைசர் தினமும் காலையில், "இன்னைக்கு வந்திருக்கிறது நீயா, உன் தங்கச்சியா?" என்று கேட்பார். அவருக்கு அது தினமும் புதிய நகைச்சுவை. நானாக இருந்தால் வாஷர் பெட்டியைத் தூக்கித் தலையில் கவிழ்த்திருப்பேன். ஜோதி, "பேட்ஜைப் பாருங்க சார்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பாள்.

அந்த நேரத்தில்தான் சோழவந்தானிலிருந்து அந்த வரன் வந்தது. மூத்தவன் சிவபாண்டி, ஹார்டுவேர் கடை. இளையவன் அழகுபாண்டி, நெல் அறுக்கிற மெஷின் ஓட்டுகிறான். இரண்டு பேரும் நல்ல பையன்கள்தான், குறை சொல்ல மாட்டேன். அவர்கள் அப்பாவுக்குத்தான் தலைக்கு மேல் ஆசை. ஒரே நேரத்தில் சமைந்த இரட்டைப் பிள்ளைகளைத் தன் வீட்டுக்கு மருமகளாகக் கொண்டுவர வேண்டும், ஊரே பேச வேண்டும். இரண்டும் சேர்ந்து வந்தால்தான் சம்பந்தம், இல்லை என்றால் வேறு இடம் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார். ஜாதகம் இரண்டும் ஒன்றுதானே, எவள் எவனுக்குப் போனாலும் பொருத்தம் ஒரே பொருத்தம் என்று அவர் ஜோசியரும் சொல்லிவிட்டார். அதனால்தான் யார் யாருக்கு என்று யாரும் கவலைப்படவில்லை.

இதற்குள் தேவியும் சிவபாண்டியும் பெரியவர்களுக்குத் தெரியாமல் போனில் பேச ஆரம்பித்திருந்தார்கள். தேவிக்கு அவன்மேல் உயிர். அவனும் அப்படித்தான். ஜோதிக்கு இந்தக் கல்யாணமே வேண்டாம். கல்யாணத்தின்மேல் அவளுக்கு வெறுப்பில்லை. அந்த வீட்டுக்குள் போனால் சாகும் வரைக்கும் அவள் ரெட்டையில் ஒருத்திதான், அதுதான் பயம். எங்கள் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து சித்திக்குப் போன் பண்ணிச் சொன்னாள்.

"எனக்கு வேணாம்மா. தேவிக்கு மட்டும் பண்ணுங்க."

"ஒனக்கு வேணாம்னா அவளுக்கும் இல்ல. அவுக ரெண்டு பேரையும் சேத்துத்தான் கேக்குறாக. ஒன் பிடிவாதத்துக்கு அவ வாழ்க்கையில மண்ணள்ளிப் போடாத" என்றாள் சித்தி.

மறுநாளே தேவி பஸ் ஏறி வந்துவிட்டாள். ஜோதியின் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்காகச் சரின்னு சொல்லு ஜோதி. அவர விட்டா நான் செத்துருவேன்" என்று அழுதாள். ஜோதி அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள். பிறகு, "ஒரு தடவ என்னால உன் முடி போச்சு. இது போக வேணாம்" என்று சொல்லிச் சம்மதித்தாள். எனக்கு அன்றைக்கு இரவு முழுக்கத் தூக்கம் இல்லை. கத்தரி இன்னும் அதே கையில்தான் இருந்தது.

இப்போது அந்தக் கூடத்துக்குத் திரும்பி வருகிறேன். இரண்டு பேருக்கும் ஒரே அரக்குக் கலர் பட்டு. நான்தான் கட்டிவிட்டேன். கொண்டுவந்து பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, "மூத்தவனுக்கு மூத்த புள்ள, இளையவனுக்கு இளைய புள்ள. அதானப்பா மொறை?" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

"அப்ப மூத்தவ ஜோதி. அவதான் மொத வந்தவ" என்றாள் சித்தி.

"அதெப்படி? பின்னால வந்தவதான் மூத்தவ. தேவிதான் பெரியவ" என்று சித்தப்பாவின் அக்காள் எழுந்தாள்.

சண்டை பிடித்துக்கொண்டது. வயிற்றுக்குள் யார் மேலே கிடந்தாள், யார் கீழே கிடந்தாள் என்று, கூட இருந்து பார்த்ததைப் போலப் பேசினார்கள். வெள்ளைத்துரை மாமா ஒரு பக்கம், சித்தப்பாவின் சொந்தக்காரர்கள் ஒரு பக்கம். பெண்கள் நடுவில் உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் சித்திதான் ஜெயித்தாள். ஆஸ்பத்திரிச் சீட்டில் முதல் குழந்தை என்று எழுதியிருக்கிறதாம், அதைத் தாண்டிப் பேச்சு இல்லையாம். "சரிப்பா, ஜோதி சிவபாண்டிக்கு, தேவி அழகுபாண்டிக்கு" என்று மாப்பிள்ளையின் அப்பா முடித்தார்.

தேவியின் முகத்தை அப்போது பார்த்தேன். பேய் அறைந்ததைப் போல ஆகிவிட்டது. சிவபாண்டி, "அப்பா, நான் வந்து..." என்றான்.

"என்னடா வந்து, போயி? ரெண்டும் ஒன்னுதாண்டா" என்றார் அவர். கூட்டத்தில் சிரிப்பு வந்தது. எனக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரைக்கும் பற்றிக்கொண்டது. நான் வாயைத் திறப்பதற்குள் ஜோதி எழுந்து நின்றுவிட்டாள்.

"ரெண்டும் ஒன்னு இல்ல" என்றாள். "எனக்கு அன்னைக்கு வரல. தேவிதான் அன்னைக்குச் சமைஞ்சா. என்னையும் சேத்து உக்கார வச்சிட்டாக. எனக்கு அடுத்த வருசந்தான். நீங்க கையில வச்சிருக்கிற ருது ஜாதகம் என்னோடது இல்ல."

சித்தி பாய்ந்து வந்து அவள் வாயைப் பொத்தப் பார்த்தாள். "பைத்தியம் மாதிரி ஒளறுறா. ஏ, வாய மூடுடி" என்றாள். ஜோதி அவள் கையை விலக்கினாள், அடிக்கவில்லை, தள்ளவில்லை, விலக்கினாள்.

மாப்பிள்ளையின் அப்பாவுக்கு முகம் கருத்துவிட்டது. ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார் அல்லவா. வெள்ளைத்துரை மாமா சித்தியை ஒரு பார்வை பார்த்தார். பிறகு ஜோதியிடம், "அப்ப நான் கட்டின குச்சு? நான் எடுத்த சீரு?" என்று கேட்டார். பாவம், அவருக்கு அதுதான் வாயில் வந்தது.

"அது தேவிக்குச் செஞ்சது மாமா. எனக்கு நீங்க செய்யல. உங்களுக்குத் தெரியாது, உங்க மேல கோவமில்ல" என்றாள் ஜோதி.

எல்லோரும் தேவியைப் பார்த்தார்கள். "நீ சொல்லு தாயி, இவ சொல்றது நெசமா?" என்று கேட்டார் மாப்பிள்ளையின் அப்பா. அவள் இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஜோதியைப் பைத்தியக்காரி என்று சொல்லி அறைக்குள் போட்டுப் பூட்டிவிடுவார்கள். ஆமாம் என்று சொன்னால் அவள் சம்பந்தமே போகலாம்.

தேவி எழுந்தாள். அவள் அப்படிப் பேசுவாள் என்று நான் நினைக்கவே இல்லை.

"நெசந்தான். எனக்குத்தான் வந்துச்சு. அது என் சடங்கு. அதுல பாதிய அவளுக்குக் குடுத்துட்டீக. என் குச்சுல எனக்குக் காலு நீட்ட எடமில்ல. அவ அழுதுக்கிட்டே இருந்தா, நான் எப்படிச் சந்தோசமா இருப்பேன்? அவளுக்கும் இல்ல, எனக்கும் இல்ல" என்று கத்தினாள். பிறகு சித்தியைப் பார்த்து, "என் முடியவும் வெட்டுன" என்றாள். இத்தனை வருஷத்துக்குப் பிறகு அது வெளியே வந்தது. சேலை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிவபாண்டிக்கு நேரே கையை நீட்டி, "எனக்கு அவரத்தான் கட்டணும். அவரோட தம்பிய இல்ல" என்றாள்.

சிவபாண்டிக்கு அப்போதுதான் வாய் திறந்தது. "எனக்கும் தேவிதாம்ப்பா" என்றான். அழகுபாண்டி தலையைக் குனிந்துகொண்டு லேசாகச் சிரித்தான். அவனுக்கு ஏதோ பாரம் இறங்கியிருக்க வேண்டும். அவனையும்தான் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் வாசலில் போய்ப் பேசிவிட்டு வந்தார்கள். அவர்கள் ஜோசியர் கெட்டிக்காரர். தேவியின் ஜாதகத்தில் குற்றம் இல்லை, அது சுத்தமாகப் பொருந்துகிறது என்றார். மாப்பிள்ளையின் அப்பாவுக்கு இரண்டு மருமகள் ஆசை இன்னும் விடவில்லை. "சரி, நடந்தது நடந்துபோச்சு. அந்தப் புள்ளைக்கு நெசமா எந்த நாளு, எந்த நேரம்னு சொல்லுங்க. மாத்தி எழுதிப் பாத்துருவோம். அழகுபாண்டிக்குப் பொருந்துனா பொருந்திட்டுப் போவுது" என்றார்.

எல்லோரும் சித்தியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

சித்தி வாயைத் திறந்தாள். "அது... தை மாசம்... இல்ல, மாசியா?" என்றாள். சித்தப்பாவைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். "ஒரு வெள்ளிக்கெழம... பங்குனிப் பொங்கலுக்கு முந்தி..." என்று இழுத்தாள். தேவியின் நாள், நட்சத்திரம், நாழிகை எல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். இந்த மகளுக்கு மாதம்கூடத் தெரியவில்லை. அத்தனை சனத்துக்கு முன்னால் அவள் விரல்விட்டு எண்ணி எண்ணிப் பார்த்துக்கொண்டு நின்றாள். சித்திமேல் எனக்குப் பரிதாபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"நீயே சொல்லுத்தா" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

"எனக்குத் தெரியும்" என்றாள் ஜோதி. "நாளும் தெரியும், நேரமும் தெரியும். சொல்ல மாட்டேன்."

"ஏந்தாயி?"

"அது ஒன்னுதான் எனக்குன்னு தனியா நடந்துச்சு. அதை எதுக்கு உங்களுக்குக் குடுக்கணும்?"

நாள் இல்லாமல் ஜாதகம் இல்லை. ஜாதகம் இல்லாமல் அவர்களுக்குப் பெண் வேண்டாம். வாசலில் போய் மறுபடியும் குசுகுசுத்தார்கள். அந்த மனிதர் திரும்பி வந்து, தட்டில் இருந்த பூவில் பாதியை எடுத்து வைத்துவிட்டு மீதியைத் தேவிக்கு வைக்கச் சொன்னார். கேசரியைச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிப் போனார்கள். ஜோதி உள்ளே போய் அந்த அரக்குப் பட்டை அவிழ்த்து மடித்துக் கட்டிலில் வைத்துவிட்டு, தன் பச்சைச் சுடிதாரைப் போட்டுக்கொண்டு வந்தாள். இரண்டு பேரும் பஸ் ஏறினோம். சமயநல்லூர் வரைக்கும் நான்தான் பேசிக்கொண்டு வந்தேன், அவர்கள் எல்லோரையும் திட்டிக்கொண்டு. அவள் ஜன்னலோரம் நன்றாகத் தூங்கிவிட்டாள்.

ஆவணியில் தேவிக்குக் கல்யாணம் நடந்தது. ஃப்ளெக்ஸில் அவள் ஒருத்திதான் சிரித்துக்கொண்டிருந்தாள், ஒரே ஒரு மச்சத்தோடு. ஜோதி நீலச் சேலை கட்டிப் பந்தி விசாரித்தாள். ஊரில் அவளை இப்போதும் ரெட்டை என்றுதான் சொல்கிறார்கள். "குழப்பம் பண்ணுன ரெட்ட" என்று. அதிலாவது எந்த ரெட்டை என்று தெரிகிறது.

சித்தி மாதத்துக்கு இரண்டு மூன்று தடவை காலையில் போன் பண்ணுகிறாள். அதட்டல் எல்லாம் போய்விட்டது. போன வாரமும் பண்ணினாள். ஜோதி டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே ஸ்பீக்கரில் போட்டாள். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"ஜோதி, அன்னைக்கு நான் புளிக்கொழம்பு வச்சேன்ல? ஒங்கப்பா சந்தைக்குப் போயிருந்தாருல? அப்ப அது செவ்வாக்கெழமதான?"

"இல்லம்மா."

"நானும் ராவும் பகலும் யோசிக்கிறேன்டி. வரமாட்டேங்குது. பெத்தவளுக்குத் தெரியலன்னா எப்படி? யாருகிட்டயும் சொல்ல மாட்டேன், எனக்கு மட்டும் சொல்லேன்." சித்தி அழுதாள்.

ஜோதி டிபன் பாக்ஸைப் பைக்குள் வைத்தாள். அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

"எனக்குத்தான் எல்லாம் முடிஞ்சிருச்சுன்னு சொன்னியேம்மா" என்றாள். "வேன் வந்திரும். நான் போறேன்."

போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு, பேட்ஜைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, முன்னால் சாய்ந்தபடி வேகமாக நடந்து போனாள்.